ஷிப்டு மாற்றும் கை

சாயங்காலம் ஆனால் சீனியம்மாள் அதை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் காசிமாயன் கண்ணைத் திறப்பார். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியைத் தேடுவார். அவள் மணிக்கட்டில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். அப்புறம் உள்ளங்கையைத் தன் நெஞ்சில் ஒருமுறை வைத்து எடுத்து, விரல் நுனியால் வாசல் பக்கம் ஒரு விசிறு விசிறுவார். என்னை விடு, போ. இதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? இலையில் உட்கார வரும் ஈயைத்தான் மனுஷன் அப்படி விரட்டுவான்.

முதல் நாள் அவளுக்குப் புரியவில்லை. ஃபேனைக் கூட்டினாள். தலையணையை உயர்த்தி வைத்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த பாத்திரத்தை எடுத்துக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் அதே தட்டு, அதே நெஞ்சு, அதே விசிறு. கடைசியில் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். கதவோரம் நின்று திரும்பிப் பார்த்தால், மனுஷன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். அவர் விரட்டுவார். அவள் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவர் தூங்கின பிறகு திருடி மாதிரி உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் பாயை விரிப்பாள்.

"இனி ரொம்ப நாள் எதிர்பார்க்காதீங்கம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இருக்கிற நாளிலாவது பக்கத்தில் உட்கார விடக் கூடாதா என்பதுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே கேள்வி. அதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கேட்கிறவர்களுக்கு அல்லவா தெரிந்துபோகும், சாகக் கிடக்கிற நேரத்திலும் புருஷனுக்கு அவளைப் பிடிக்கவில்லை என்று.

காசிமாயனுக்குத் தொண்டையில் புற்றுநோய். கரகரப்பில்தான் ஆரம்பித்தது. பனியன் கம்பெனியில் பஞ்சைச் சுவாசிக்கிற தொண்டை கரகரக்காமல் குயில் மாதிரியா கூவும் என்று இருந்துவிட்டார்கள். அப்புறம் கோயம்புத்தூருக்குப் போனார்கள். தொண்டையில் ஓட்டை போட்டு மூச்சுக்கு ஒரு குழாய், மூக்கு வழியாகக் கஞ்சிக்கு ஒரு குழாய் வைத்து, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, ஊர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஊர் என்றால் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம். அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்? திருப்பூரிலேயே, அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பேச்சு போய்விட்டது. எழுதிக் காட்டலாம் என்றால் காசிமாயனுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. சீனியம்மாளுக்கு அதுவும் வராது.

பேச்சு இருந்த காலத்தில் மட்டும் என்ன கொட்டிக் கவிழ்த்துவிட்டார் என்று அவளுக்கு ஆத்திரமும் வரும். அவர் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியில் நிரந்தர நைட் ஷிப்டு, ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு வரை. அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனில் பிசிறு, ஓட்டை, கறை பார்த்துத் தள்ளுவது வேலை. காலையில் அவர் வரும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் மாட்டிக்கொண்டிருப்பார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டின் ஒற்றை வாசற்படியில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை இரண்டு ஜோடிச் செருப்பு சந்தித்துக்கொள்ளும். அதுதான் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தூக்கம், அவளுக்குத் துவைப்பு.

ஒன்றே ஒன்று இருந்தது. காலையில் அவர் வந்து நிற்கும்போது தலை, தோள், புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். பிசிறைக் கண்டால் கை சும்மா இருக்காது அவளுக்கு. செக்கிங்கில் வேலை செய்கிற எல்லாருக்கும் இருக்கிற வியாதிதான் அது. அவர் தோளில் இருக்கும் பஞ்சை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் படி இறங்குவாள். அவர் ஒன்றும் பேசமாட்டார், ஆனால் எடுத்து முடிக்கும் வரை நிற்பார்.

முன்னெல்லாம் சாயங்காலத்தில் அரை மணி நேரமாவது இருந்தது. அவள் ஏழு மணிக்கு வந்ததும் அவரே டீ போட்டு வைத்திருப்பார். படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் குடிப்பார்கள். அவள் செக்கிங் டேபிள் சண்டைகளைச் சொல்லுவாள், அவர் உம் கொட்டுவார். பிறகுதான் அந்த வருஷம் வந்தது. இனிமேல் பிள்ளைக்கு வாய்ப்பில்லை என்று ஒரு டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்ட வருஷம். அதே வருஷத்தில் டீ நின்றது. அவள் உள்ளே நுழையும்போதே அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். "எட்டு மணி ஷிப்டுக்கு இப்பவே எங்க போறீக?" என்று ஒரு நாள் கேட்டாள். "சோலி இருக்கு" என்றார். அவ்வளவுதான். மலடிகூட உட்கார்ந்து டீ குடிக்க அவருக்குப் பிடிக்கவில்லை என்று அவள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள், அதற்கப்புறம் கேட்கவும் இல்லை. எட்டு வருஷம் ஓடிப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிட்டிங் கம்பெனியிலிருந்து மூன்று பேர் பார்க்க வந்தார்கள். பகல் ஷிப்டு ஆபரேட்டர் கிட்டுசாமி பொங்கலூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தொட்டவர். சூப்பர்வைசர் சிவசுப்பிரமணியம் நெற்றி நிறைய விபூதியோடு வந்திருந்தார். மூன்றாவது ஆள் முனீஸ், கமுதிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து கல்யாணம் காட்சி எல்லாம் இந்த ஊரிலேயே முடித்துக்கொண்டவன். கையில் ஆப்பிள் பை. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடுதான் போக வேண்டும் என்று எந்த மகராசன் ஆரம்பித்து வைத்தானோ, தொண்டையில் ஓட்டையோடு கிடக்கிறவருக்கும் ஆப்பிள்தான். வாங்கி ஜன்னலில் வைத்தாள்.

அதற்கப்புறம் அவள் கண்ட காட்சியை அவளாலேயே நம்ப முடியவில்லை. மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. முனீஸ் விரலால் ஏதோ சுற்றிக் காட்டினான். கிட்டுசாமி இரண்டு கையாலும் பால் கறப்பது போலச் செய்து, தலையில் அடித்துக்கொண்டார். காசிமாயன் முகம் மலர்ந்தது. படுத்தபடியே அவர் கைகள் எழுந்து காற்றில் ஓடின. நெற்றியில் மூன்று விரலால் ஓர் இழுப்பு, வயிற்றுக்கு மேலே தொந்தி காட்டி இரண்டு விரலால் ஒரு நடை, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போல ஓர் அசைவு. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காசிமாயனுக்குச் சிரிப்புச் சத்தம் வரவில்லை, குழாயில் காற்றுதான் சீறியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சீனியம்மாள் ஆப்பிள் பைக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு பேசத் தெரியுமா இவருக்கு? இத்தனை நாளும் அவளிடம் காட்டியது ஒரே ஒரு ஜாடை, அதுவும் போ என்பது. பாஷை தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினவள் போல அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

நர்ஸ் ஆஷா வந்து, "இங்க என்ன திருவிழாவா நடக்குது? சளி எடுக்கணும், எல்லாரும் வெளிய இருங்க" என்று விரட்டினாள். நான்கு பேரும் வராந்தா பெஞ்சுக்கு வந்தார்கள். முனீஸ் எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கி வந்தான். உள்ளே சிரித்தவர்களுக்கு வெளியே வந்ததும் முகம் விழுந்துவிட்டது.

"அது என்ன கைப்பேச்சு?" என்று சீனியம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"நிட்டிங் ஹால்ல நீங்க நின்னு பாத்ததில்லீங்களா அம்மிணி?" என்றார் கிட்டுசாமி. "அத்தனை மிசினும் ஓடறப்ப காதுகிட்ட வந்து கத்துனாலும் கேக்காதுங்க. அதனால எல்லாமே கைதானுங்க. நூல் அறுந்தா ஒண்ணு, ஊசி போனா ஒண்ணு, டீ வந்தா ஒண்ணு. ஆளுக்கு ஆள் பேருகூட கையிலதானுங்க."

"பேரு வைக்கிறதே அண்ணன்தான் மதினி" என்றான் முனீஸ். "புதுசா ஒரு ஆளு வந்தா மொத ஷிப்டு பூராம் ஒண்ணும் சொல்லாது. ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருக்கும். விடியறப்ப பேரு ரெடி. இவருக்குப் பாருங்க" என்று கிட்டுசாமியைக் காட்டிப் பால் கறந்தான். "வீட்ல ரெண்டு மாடு. சூப்பர்வைசருக்கு இப்பிடி." மூன்று விரலை நெற்றியில் இழுத்தான். "எனக்குச் சீப்பு. நான் தலை சீவிக்கிட்டே இருப்பேனாம்."

"டீக்கடைக்காரனுக்குக்கூட ஒண்ணு இருக்குதுங்க" என்றார் சிவசுப்பிரமணியம். "மொதலாளிக்கு இருக்கறதை இங்க சொல்ல முடியாது. அவரு ஹாலுக்குள்ள வர்றப்ப நம்மாளு அந்தக் கையக் காட்டிப்போட்டு, ஒண்ணுந்தெரியாத பச்சைப் புள்ளையாட்ட நிப்பாரு. நான் சிரிச்சு மாட்டிக்கிட்டு முழிச்சது எத்தனை தடவையோ!"

"கரண்டு போனா இன்னும் கூத்து" என்றான் முனீஸ். "டக்குனு எல்லா மிசினும் நின்னுரும். அந்த அரை இருட்டுல நூல் சுத்துன கோனைத் தலையில வச்சு அண்ணன் கரகம் ஆடும். கொஞ்சங்கூட ஆடாம அசையாம கோன் நிக்கும். நம்ப மாட்டீக மதினி, கரண்டு வந்தப்பொறமும் ஆடுண்ணே ஆடுண்ணேன்னு கெடப்போம்."

சீனியம்மாள் டீயைக் கையில் வைத்தபடியே இருந்தாள். கரகமா? இவரா? கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எவ்வளவு கெஞ்சியும் போட்டோவுக்குச் சிரிக்காத மனுஷன். அவர்கள் சொல்லச் சொல்ல, அவளுக்குத் தெரியாத ஒருத்தர் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தார். நல்ல மனுஷன்தான். இவரோடு குடித்தனம் நடத்தியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"எனக்கு என்ன பேரு வச்சிருக்காரு?" என்று கேட்டுவிட்டாள்.

சிவசுப்பிரமணியம் டீ டம்ளரை உருட்டினார்.

"ஊட்டுச் சங்கதிய அவரு ஹாலுக்குள்ள பேசமாட்டாருங்க" என்றார் கிட்டுசாமி மெதுவாக.

டீக்கடைக்காரனுக்குக்கூட ஒன்று இருக்கிறது. அவளுக்கு இல்லை. அவள் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். அழுகை வந்தால் டீயைக் குடித்துவிடுவது செக்கிங் டேபிளில் அவள் பழகிய பழக்கம்.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்ற நினைத்தானோ என்னவோ, முனீஸ், "கிட்டண்ணே, பஸ் கதையச் சொல்லுங்க" என்றான்.

கிட்டுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுங்க அம்மிணி, எனக்கு ஊடு பொங்கலூர்ல இருந்து உள்ளுக்குள்ள, தோட்டத்துலீங்க. ஏழே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்குது. அதை உட்டா ஒம்பதரைக்கு மேலதான். ஷிப்டு முடியறதோ எட்டு மணி. நான் ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள என்ற புள்ளைங்க ரெண்டும் தூங்கிப்போயிரும். ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் அதுங்க மூஞ்சிய முழிச்சாப்டி பாக்கறது. ஒருக்கா ஷிப்டு மாறறப்ப இவருகிட்ட சும்மா பொலம்பிப்போட்டனுங்க. மறுநாள் ஏழரைக்கு, மிசின்கிட்ட நிக்கறேன், தோள்ல ரெண்டு தட்டு. திரும்பிப் பாத்தா நம்ம காசி."

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கிருந்து எட்டு வருசமுங்க. மழையோ வெயிலோ, ஏழரைன்னா வந்து நிப்பாரு. என்ற புள்ளைங்க படிக்கறதை, சண்டை போடறதை, வளந்ததை நான் கண்ணுல பாத்தேன்னா அது இவரு குடுத்ததுங்க. எதுக்கு இப்படிச் செய்யறீங்கன்னு கேட்டா, புள்ளைங்க முழிச்சிருக்கும், போன்னுவாரு."

சீனியம்மாளின் காதில் அதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. எட்டு வருஷம், ஏழரை மணி. சைக்கிள் மிதித்துப் போக வேண்டுமென்றால் ஏழு மணிக்கெல்லாம் வீட்டை விட்டு இறங்க வேண்டும். அவள் செருப்பைக் கழற்றும் நேரம். அப்படியானால் டீ நின்றது டாக்டரம்மா சொன்ன சொல்லால் அல்ல. பொங்கலூர் பஸ்ஸால். அவளை வேண்டாம் என்று அவர் ஓடவில்லை. கிட்டுசாமியின் பிள்ளைகள் தூங்குவதற்குள் கிட்டுசாமியை அனுப்பி வைக்க ஓடியிருக்கிறார்.

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கின மறு நிமிஷமே வேறொரு கல் ஏறியது. அவர் எடுத்துக் கொடுத்தது அவருடைய அரை மணி நேரமா? அவளுடையது அல்லவா அது! இந்த மனிதரின் பெண்டாட்டி எட்டு வருஷம் தன் புருஷனோடு உட்கார்ந்து ராச்சோறு தின்றிருக்கிறாள், அந்த எட்டு வருஷமும் இவள் படியில் தனியாக உட்கார்ந்து எதிர் லைன் வீட்டு டி.வி. சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்துச் சீக்கிரம் போங்கள் என்று தள்ளிவிட்டிருப்பாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மனுஷனுக்கு வாய் வரவில்லையே. நல்ல காரியத்தையும் களவாணித்தனம் மாதிரி செய்கிற ஜென்மம். அவளுக்குக் கிட்டுசாமியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பாவம், அவர் என்ன செய்வார் என்றும் இருந்தது.

"தோள்ல ரெண்டு தட்டுத் தட்டிட்டு அண்ணன் ஒரு கை காட்டும் பாருங்க" என்று முனீஸ் எழுந்தான். கிட்டுசாமியின் தோளில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்து எடுத்தான். விரல் நுனியால் வாசல் பக்கம் ஒரு விசிறு விசிறினான்.

சீனியம்மாள் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"என்ன மதினி?"

"இன்னொருக்கா காட்டு."

முனீஸ் காட்டினான். அதே தட்டு, அதே நெஞ்சு, அதே விசிறு.

"அப்பிடின்னா என்ன?"

"ஷிப்டு மாத்துற கை மதினி. நான் வந்துட்டேன், இனி நான் பாத்துக்கிறேன், நீ வீட்டுக்குக் கெளம்பு. அம்புட்டுத்தான். அண்ணன் காட்டுனாப் போதும், அன்னைக்குப் பட்ட அலுப்பெல்லாம் பாதி போயிரும்."

அவள் குனிந்து உருண்டுபோன டம்ளரை எடுத்தாள். விடிந்ததிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, சாயங்காலம் ஆகிவிட்டதே, உன் ஷிப்டு முடிந்தது, நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன். இதைத்தான் சொல்லியிருக்கிறார். அவள் எழுந்து போனதும் கண்ணை மூடிக்கொண்டது அந்த நிம்மதியில்தான். அவளுக்குச் சிரிப்பு முட்டியது. நோயாளியும் இவரேயாம், பார்த்துக்கொள்ள வந்த ஆளும் இவரேயாம்! சிரிப்பதற்குப் பதிலாக முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"கை காட்டுனதும் கெளம்பிரணுமா?" என்று கேட்டாள்.

"அதெப்படி மதினி? மிசின் நல்லா ஓடுதுன்னு வந்தவருக்குச் சொல்லிட்டுல்ல போகணும். மிசின் கம்பிய ரெண்டு தட்டுத் தட்டணும். அப்பத்தான் மிசின் கை மாறுனதாக் கணக்கு."

"கெளம்ப மனசு இல்லாட்டி?"

முனீஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "மனசு இல்லாம யாரு இருப்பா? ஆனா துணி ரோல் பாதியில நிக்கும் பாருங்க, அப்ப இப்பிடிக் காட்டுவோம்." முஷ்டியை மூடி நெஞ்சுக்கு நேரே பிடித்தான். "இன்னும் ஒரு ரோல் இருக்கு, முடிச்சிட்டுத்தான் போவேன்னு அர்த்தம். மூடிக் காட்டிட்டா மாத்த வந்தவன் எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் ஓரமா நிக்க வேண்டியதுதான்."

ஆஷா வெளியே வந்து, முடிந்தது, ஆனால் உள்ளே ஒரே ஒருத்தர் போனால் போதும் என்றாள். கிட்டுசாமி சட்டென்று எழுந்தார். "இன்னைக்கி ராத்திரி நான் இருக்கறனுங்க அம்மிணி. நீங்க ஊட்டுக்குப் போயி ஒரு தூக்கம் தூங்கிப்போட்டு வாங்க. கண்ணெல்லாம் உள்ள போயிக் கெடக்குது." மற்ற இரண்டு பேரும் ஆமாம் போட்டார்கள். மறுத்துப் பேச அவளுக்குத் தெம்பில்லை. கூடையை எடுத்துக்கொண்டு அவர்களோடு படி இறங்கினாள்.

கேட்டருகில் முனீஸும் சிவசுப்பிரமணியமும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். சீனியம்மாள் பஸ் ஸ்டாப் வரை நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், ஆளுக்கொரு புதுப் பையோடு குடும்பம் குடும்பமாக நின்றது. வீட்டுக்குப் போய்? பூட்டைத் திறக்க வேண்டும், லைட்டைப் போட வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். எதிரே மாட்டிக்கொள்ள ஆள் இல்லை. இனிமேல் என்றைக்கும் இருக்கப் போவதில்லை. அதை அந்த பஸ் ஸ்டாப்பில் வைத்துத்தான் அவள் முதல்முதலாக முழுசாக நினைத்தாள். நினைத்ததும் அங்கிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், பஸ் போனது.

இந்த ஏழு மணிக்குத்தானே அவர் தினமும் வீட்டை விட்டு இறங்குவார் என்று அவளுக்குத் தோன்றியது. ஏழரை வரைக்கும், அந்தப் பழைய டீ நேரம், இன்னும் இருக்கிறது. அதையும் கிட்டுசாமியே வாங்கிக்கொண்டாரே! எட்டு வருஷம் வாங்கினது போதாதா அந்த மனிதருக்கு? அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். நடை போகப் போக வேகமானது.

வார்டில் கிட்டுசாமி அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காசிமாயன் விழித்துக்கொண்டுதான் இருந்தார். வாசலில் அவளைக் கண்டதும் புருவத்தைத் தூக்கினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நேரே போய் கிட்டுசாமிக்குப் பின்னால் நின்றாள். அவர் தோளில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் திரும்பினார். அவள் உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்து எடுத்து, வாசல் பக்கம் ஒரு விசிறு விசிறினாள்.

கிட்டுசாமி வாயைத் திறந்தபடியே இருந்தார். ஆனால் கை அதன் பழக்கத்தை விடவில்லை. அது தானாகப் போய்க் கட்டிலின் இரும்புக் கம்பியை இரண்டு தட்டுத் தட்டியது. தட்டின பிறகுதான் என்ன செய்தோம் என்றே அவருக்கு உறைத்தது. எழுந்து நின்றார்.

"அம்மிணி, நான்..."

"பஸ் போயிரும்ணே" என்றாள் சீனியம்மாள். "புள்ளைக முழிச்சிருக்கும்."

அவர் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, காசிமாயனைப் பார்க்காமலே வெளியே போனார்.

சீனியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து நிமிர்ந்தாள். காசிமாயன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு பார்வையை அவள் கல்யாணமான நாளிலிருந்து கண்டதில்லை. உன்னை இங்கே யார் உள்ளே விட்டது என்பது போலவும் இருந்தது, வந்துவிட்டாயா என்பது போலவும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கை மெல்ல எழுந்தது. அவள் மணிக்கட்டில் இரண்டு தட்டு. நெஞ்சில் உள்ளங்கை. வாசல் பக்கம் ஒரு விசிறு.

அவள் முஷ்டியை மூடி நெஞ்சுக்கு நேரே பிடித்தாள்.

அவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மறுபடியும் விசிறினார், கொஞ்சம் அழுத்தமாக. அவளும் முஷ்டியை அழுத்தமாகப் பிடித்தாள். இன்னும் ஒரு ரோல் இருக்கிறது. முடித்துவிட்டுத்தான் போவேன். நீங்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஓரமாக நில்லுங்கள்.

குழாயில் காற்று சீறியது. காசிமாயன் சிரித்தார். கன்னம் ஒட்டிப்போன அந்த முகத்தில் சிரிப்பு காது வரைக்கும் போனது. போட்டோவுக்கு வராத சிரிப்பு. அவளும் சிரித்தாள், அழுகை தன் பாட்டுக்கு ஒரு பக்கம் வழிந்துகொண்டிருந்தது. பேச அவளிடம் எட்டு வருஷத்துப் பாக்கி இருந்தது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்ற சண்டை இருந்தது, ஆனால் அவளுக்கு அவர் பாஷையில் மொத்தமே இரண்டு வார்த்தைதான் தெரியும். இவ்வளவு லேசான பாஷையை இத்தனை காலமும் கற்றுக்கொள்ளாமல் விட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

அவர் சிரிப்பு அடங்கியது. தலையணையில் முகத்தைத் திருப்பி அவளை ஓரமாகப் பார்த்தபடி கிடந்தார், நெடுநேரம். புதிதாக ஹாலுக்குள் வந்த ஆளை அவர் இப்படித்தான் பார்ப்பார் என்று முனீஸ் சொன்னது அவளுக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. வலிக்கிறதோ என்று நினைத்துக் குனிந்தாள்.

காசிமாயன் கையைத் தூக்கினார். தன்னுடைய இடது தோளுக்குக் கொண்டுபோனார். இரண்டு விரலால் எதையோ கிள்ளி எடுத்து ஓரமாகப் போட்டார். அப்புறம் அந்த விரலை அவள் பக்கம் நீட்டினார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் மறுபடியும் செய்தார். தோளில் ஒரு கிள்ளு, ஓரமாக ஓர் உதறு, அவளை நோக்கி ஒரு விரல். பால் கறக்கிறவர் கிட்டுசாமி. சீப்பு முனீஸ். இது அவள்.

அவளுடைய பெயர். ஹாலில் ஒருத்தருக்கும் தெரியாதது. அவர் ஒருத்தரைத் தவிர அதைச் சொல்லி அவளைக் கூப்பிட ஆள் கிடையாது.

சீனியம்மாள் முஷ்டியைப் பிரித்து, அவர் தோளுக்குக் கையைக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரித் துணியில் பஞ்சு ஏது? இருந்தாலும் இரண்டு விரலால் கிள்ளி எடுத்தாள். ஓரமாகப் போட்டாள். மறுபடியும் எடுத்தாள். எடுத்து முடிக்கும் வரை அவர் அசையாமல் கிடந்தார்.